கார்னர்பேக்கை மட்டும் கழுவேற்றாதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு டிவி சீரியலைக் குறைத்துக்கொள்ளச் சொல், கேட்கமாட்டார்கள் என்றாலும் சொல்லு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் காலேஜ் விண்ணப்பங்களில் மூழ்கிக் கிடக்கிறாள், வீட்டில் பேச்சே அதுதான். மற்ற சங்கதிகளைப் போனில் பேசிக்கொள்வோம். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததற்கு மட்டும் உட்கார்ந்து பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"ஸ்கீம், ஸ்கீம் என்பதெல்லாம் சாக்கு. எதிரில் நிற்பவனைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு எந்த ஸ்கீம் போட்டுக் கொடுத்தாலும் ஒன்றுதான்" என்று அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஸ்கீம் என்றால் கோச் வகுத்துக் கொடுக்கும் தடுப்பு ஏற்பாடு. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் டைரீக் ஸ்டீவன்சனை, வாஷிங்டனிடம் கடைசி நொடியில் தோற்ற அன்றைக்கே சிகாகோ பேர்ஸ் டீமை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும் என்கிறாய். பாதி சரி. மீதிப் பாதியில்தான் உன்னோடு எனக்குச் சண்டை.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 27, மேரிலாந்தில் லேண்டோவர், எதிரணி வாஷிங்டன். நாள் முழுக்கத் தடுமாறிய பேர்ஸ், முடிய 25 விநாடி இருக்கும்போது டச்டவுன் போட்டு (எதிரணியின் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஜோனுக்குள் பந்தைச் சேர்ப்பது), கூடவே இரண்டு பாயிண்டும் எடுத்து 15-12 என்று முந்திவிட்டார்கள். கடைசி ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவதற்கு, மிச்சம் 2 விநாடி. அப்போது ஸ்டீவன்சன் களத்தைப் பார்க்கவில்லை, கேலரியைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருக்கிறார். பந்து ஸ்னாப் ஆன பிறகும் முதுகு களத்தின் பக்கம்தான். வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜேடன் டேனியல்ஸ் அங்கும் இங்குமாகப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஓடி, அறுபது யார்டுக்கு மேல் பந்தைத் தூக்கி எறிகிறார். பந்துக்காகக் கூடிய ஆட்களின் குவியலுக்குப் பின்னால் நிற்கும் வாஷிங்டன் ரிசீவர் நோவா பிரவுனை மறித்து நிற்க வேண்டியது ஸ்டீவன்சனின் வேலை. அவர் தாமதமாக ஓடி வந்த வேகத்தில் குவியலுக்குள்ளேயே எகிறிக் குதித்துப் பந்தைத் தட்டிவிடுகிறார். அது பின்னால் தனியாக நின்ற பிரவுன் கையில் போய் விழுகிறது. 52 யார்டு டச்டவுன், வாஷிங்டனுக்கு 18-15 வெற்றி.

அந்தப் பையனுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. வேலை என்ன என்று தெரியும், செய்யக்கூடிய வேலைதான், ஆனால் கவனம் அங்கே இல்லை. அன்றிரவே சமூக வலைத்தளத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் அரிசோனாவில் அவரைத் தொடக்க வரிசையில் இறக்கவில்லை. அது நியாயமான தண்டனை.

ஆனால் அதற்கு முந்தின பிளேயை நீ ஏன் பேசவே இல்லை? வாஷிங்டனின் டெரி மக்லாரினுக்குச் சைட்லைன் ஓரமாக 13 யார்டு பாஸ் போனதே, அதைச் சொல்கிறேன். பந்து வாஷிங்டனின் 35 யார்டு கோட்டில் இருந்தது. பேர்ஸ் டிஃபென்ஸ் ஆழத்தில் தள்ளி நின்று, எடுத்துக்கொள் என்று அந்த ஓரத்தை விட்டுக்கொடுத்தது. பந்து 48க்கு வந்தது. டேனியல்ஸ் பின்னால் ஓடித்தான் எறிய வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள். அந்த 13 யார்டு கிடைக்காவிட்டால் எண்ட் ஜோன் வரைக்கும் எறிய எந்த மனிதக் கையாலும் ஆகியிருக்காது. இது ஸ்டீவன்சன் கேட்டு வாங்கிய ஏற்பாடு இல்லை, கோச் போட்ட ஏற்பாடு. மறுநாள் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்த 13 யார்டு பெரிய விஷயமில்லை, எப்படியும் கடைசி பிளேயில்தான் முடிவு என்ற தொனியில் தலைமைக் கோச் மேட் எபர்ஃப்ளூஸ் ஒதுக்கிவிட்டார். எனக்கு அந்தக் கடைசி நேர நீள எறிதலான ஹெய்ல் மேரியைவிட இதுதான் அதிகம் வலித்தது.

ஏன் என்றால், எபர்ஃப்ளூஸ் தன் மொத்தக் கோச்சிங்கையும் பொறுப்பு என்ற ஒன்றின் மேல் கட்டியவர். முழு வேகத்தில் ஓடாத ஒவ்வொரு பிளேயையும் வீடியோவில் பார்த்து 'லோஃப்' என்று கணக்கில் எழுதி, அறையில் எல்லோர் முன்னாலும் காட்டும் வழக்கம் அவருடையது. அவருடைய 'ஹிட்ஸ்' கொள்கையின் கடைசி எழுத்தே நிலைமை அறிந்து புத்தியோடு ஆடுவதைப் பற்றியதுதான். வீரன் அரை அடி சுணங்கினாலும் கணக்கில் ஏறும், கோச் விட்டுக்கொடுத்த 13 யார்டு மட்டும் ஏறாது என்றால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் அங்கே இருந்திருந்தால் அதற்கப்புறம் அந்த மனிதர் சொல்லும் எதையும் முழுக் காதோடு கேட்டிருக்கமாட்டேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். 4-2 என்றிருந்த டீம் தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றது. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பேர்ஸ் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் அந்த சீசனில் 68 முறை சாக் ஆனார் (எறிவதற்குள் வீழ்த்தப்பட்டார்), அவரைக் காக்க வேண்டிய ஆஃபென்சிவ் லைன் பெரிய ஓட்டை. ஆனாலும் தேங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்ட்டில் கையில் டைம்அவுட் இருந்தும் கூப்பிடாமல் கடிகாரத்தை ஓடவிட்டுத் தோற்றார்களே, 23-20, அப்போதுதான் கணக்கு கோச் பக்கம் திரும்பியது. மறுநாளே வேலை போனது. அந்த கிளப்பின் வரலாற்றில் சீசன் நடுவில் தலைமைக் கோச்சை நீக்கியது அதுதான் முதல் முறை.

இப்போது உன் நியூயார்க் ஜெட்ஸ். நீயே ரசிகன், உன் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் நடந்த ஆட்டம், அதையும் நீ பேசவில்லை. 2020 டிசம்பர் 6, மெட்லைஃப் ஸ்டேடியம். ஜெட்ஸ் 28, ரெய்டர்ஸ் 24. மிச்சம் 13 விநாடி, பந்து 46 யார்டு தள்ளி. நான்கு பாயிண்ட் பின்தங்கியிருப்பதால் மூன்றே பாயிண்ட் தரும் ஃபீல்டு கோல் அடித்துப் பிரயோஜனமில்லை, ரெய்டர்ஸுக்கு டச்டவுன்தான் வேண்டும். ஆளை எல்லாம் பின்னால் நிறுத்திவைத்தாலே ஜெயித்துவிடலாம். ஜெட்ஸின் தடுப்பாட்டத்தை நடத்தும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கிரெக் வில்லியம்ஸ் என்ன செய்தார்? ஜீரோ பிளிட்ஸ். குவார்ட்டர்பேக் மேல் முடிந்த அளவு ஆளை ஏவிவிட்டு, ஆழத்தில் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி ஒருவரைக்கூட வைக்கவில்லை. டீம்கள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்து சேர்ந்த ஒரு புதுப் பையன், லமார் ஜாக்சன் (பால்டிமோர் குவார்ட்டர்பேக் இல்லை, அதே பேருடைய கார்னர்பேக்), 40 யார்டை 4.27 விநாடியில் ஓடிக் காட்டிய ரெய்டர்ஸ் ரிசீவர் ஹென்றி ரக்ஸ் எதிரே ஒற்றையாக நிற்கிறான். ரக்ஸ் ஒரு ஏமாற்று அசைவு காட்டிவிட்டுக் கடந்து ஓடினார், குவார்ட்டர்பேக் டெரக் கார் எறிந்தார், 5 விநாடி இருக்கும்போது டச்டவுன், 31-28. ஃபைன் லெக்கில் ஆளே வைக்காமல் பவுன்சர் போடச் சொல்லிவிட்டு, பவுண்டரி போனதும் பவுலரை முறைப்பது போலத்தான் அந்தப் பையனைத் திட்டுவது.

ஆமாம், அவன் அந்த அசைவுக்கு ஏமாந்திருக்கக் கூடாது. டிவியில் பார்த்தால் அவன் முதுகுதான் தெரிகிறது, அவன் நம்பர்தான் தெரிகிறது. ஆனால் லீக்கில் எத்தனை கார்னர்பேக் அந்த நிலைமையில் தனியாகத் தப்பித்திருப்பார்கள்? ஆட்டம் முடிந்ததும் ஜெட்ஸ் சேஃப்டி மார்கஸ் மே வெளிப்படையாகவே பேசினார். நாங்கள் சரியாக ஆடியிருக்க வேண்டும், அது எங்கள் பொறுப்பு, ஆனால் இன்னும் நல்ல அழைப்பு வந்திருக்க வேண்டும், எங்களுக்கும் கொஞ்சம் துணையாக இருக்க வேண்டும் என்ற பொருளில். மேலே கை காட்டும்போது தன் பங்கையும் மறைக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. மறுநாளே கிரெக் வில்லியம்ஸை நீக்கினார்கள். நீ அன்றைக்கு, தோற்றுக்கொண்டே போனால் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டாய் என்று ஞாபகம். களத்தில் வியர்வை சிந்தியவர்கள் யாரும் அதற்காக ஆடவில்லை.

"எதிரில் நிற்பவனைப் பிடி" என்கிறாயே, இன்றைய டிஃபென்ஸில் எதிரில் நிற்பவன் யார் என்பதே ஸ்னாப்புக்கு அப்புறம்தான் முடிவாகிறது. குவார்ட்டர்ஸ் மேட்ச் என்ற தடுப்பு முறையில் 'பாம்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார். கார்னரின் கண் தன் எதிரே நிற்கும் வெளி ரிசீவர் மேல் இல்லை, உள்ளே நிற்கும் இரண்டாவது ரிசீவர் மேல். அந்த இரண்டாவது ஆள் குட்டையாக வெளிப்பக்கம் திரும்பினால் கார்னர் அவனைப் பிடிக்கப் பாய வேண்டும். அதே கணத்தில் சேஃப்டி மேலேறி, வெளி ரிசீவரை எடுத்துக்கொள்ள வேண்டும். சேஃப்டி ஒரு நொடி சுணங்கினால் வெளி ரிசீவர் அம்போ என்று தனியாக ஓடுவான். கேமரா காட்டுவது யாரை? திரும்பி மூச்சிரைக்க ஓடும் கார்னரை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவன் அவன். திட்டு வாங்குவதும் அவன்.

நீ மேற்கோள் காட்டும், ஆட்டக்காரர்களுக்கு மார்க் போடும் பிஎஃப்எஃப் நிறுவனத்தின் மதிப்பெண்ணுக்கும் இதே குறைதான். ஒவ்வொரு பிளேக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை போடுகிறார்கள், உழைப்பான வேலை, நானும் பார்க்கிறேன். ஆனால் பிளேக்கு முன்னால் கூடிப் பேசும் ஹடிலில் என்ன அழைப்பு வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, ஊகித்துத்தான் போட வேண்டும். அதை வைத்து ஒருவனுடைய பிழைப்பையே முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை.

தவறுகளும் ஒரே ரகமில்லை. நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸின் சேஃப்டி மார்கஸ் வில்லியம்ஸை நினைத்துப் பார். 2018 ஜனவரி 14, மினியாபோலிஸ், பிளேஆஃப். செயிண்ட்ஸ் 24-23 என்று முன்னால் இருக்கிறார்கள், மிச்சம் 10 விநாடி. எதிரணியான மினசோட்டாவின் ஸ்டெஃபான் டிக்ஸ் எகிறிப் பிடிக்கிறார். களத்துக்குள்ளேயே அவரைப் பிடித்து இறக்கியிருந்தால் போதும். வில்லியம்ஸ் தலையைக் குனிந்து பாய்ந்தார், டிக்ஸைத் தவறவிட்டுத் தன் டீம் ஆள் கென் கிராலியையே இடித்துத் தள்ளினார். 61 யார்டு டச்டவுன், சீசன் முடிந்தது. அங்கே ஸ்கீமைக் குறை சொல்ல முடியாது, அவருடைய தவறுதான். ஆனால் அந்த முதலாண்டுப் பையன் ஓடி ஒளியாமல் லாக்கர் ரூமில் நிருபர்கள் முன் நின்று, என்னால்தான் என்று ஒத்துக்கொண்டான். செயிண்ட்ஸ் அவனைத் துரத்தவில்லை. தொடர்ந்து ஆடவிட்டார்கள், நல்ல சேஃப்டியாக வளர்ந்தான். 2022இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஐந்து வருடத்துக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. உன் கணக்குப்படி பார்த்தால் அன்றிரவே அவன் கதை முடிந்திருக்க வேண்டும்.

என் கட்சி இதுதான், மாப்ளே. முதலில், அவனிடம் சொல்லப்பட்ட வேலை என்ன என்று கேள். அது செய்யக்கூடிய வேலையா என்று அடுத்துக் கேள். செய்யக்கூடியதாக இருந்து, கவனமில்லாமல் விட்டான் என்றால் பெஞ்சில் உட்கார வை, நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்த வேலையைக் கொடுத்தவர் முதலில் மைக் முன்னால் வந்து தன் பங்கைச் சொல்ல வேண்டும். சம்பளமும் அதிகாரமும் அவருக்குத்தானே அதிகம்? 22 வயதுப் பையன் பேசுவதற்கு முன்னால் அவர் பேசட்டும்.

களத்தில் உள்ள 22 பேரும் தெரியும் ஆல்-22 வீடியோவில் அந்த ஜெட்ஸ் ஆட்டத்தைத் தேடிப் பார். கடைசி ஸ்னாப்பில் நிறுத்தி, ஜாக்சனுக்குப் பின்னால் எத்தனை யார்டு காலியாகக் கிடக்கிறது என்று அளந்துவிட்டு எனக்கு எழுது. அப்புறமும் அந்தப் பையன் மேல்தான் தப்பு என்றால், வரும் கிறிஸ்துமஸ் லீவில் குடும்பத்தோடு சிகாகோ வருவாய் அல்லவா, நேரில் உட்கார்ந்து சண்டை போடுவோம். அம்மாவையும் அழைத்து வா. குளிருக்கு வேண்டிய துணியெல்லாம் இங்கே இருக்கிறது, சுமந்துகொண்டு வர வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்