வீங்கிய கன்னத்தோடு கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள முருகேசு,

உன் வாட்ஸ்அப் வந்த நேரத்தில் நான் மேட்டுப்பாளையத்தில் பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். "ரோபோ பல் பிடுங்கினால் உட்காருவாயா?" என்று கேட்டிருந்தாய். நல்ல நேரம் பார்த்தாய் போ.

இடது பக்கம் கீழே ஞானப்பல், எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தது. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டு. நடுவில் மரத்துப்போனது லேசாகத் தெளிய, நான் கையைத் தூக்கினேன், டாக்டரம்மா உடனே நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போட்டார். வேர் ஒன்று மொறுக்கென்று உடைந்தபோது என்னைவிட முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிட்டது, பிடியை மாற்றிக்கொண்டார்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் உனக்குப் பதில் சொல்கிறேன். 2017லேயே சீனாவின் சியான் நகரில் ஒரு ரோபோ, டாக்டர்கள் கை வைக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க, ஒரு பெண்ணின் தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு) பதித்துவிட்டது, சுமார் ஒரு மணி நேரத்தில். அதை நம்பி உட்காருவேன். எலும்பு எங்கே, நரம்பு எங்கே, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் ஸ்கேனிலேயே முடிவாகிவிடும், அப்புறம் வேண்டியது நடுங்காத கை மட்டும்தான். 2024ல் பாஸ்டன் கம்பெனி ஒன்று கேப் போடப் பல்லைச் சீவும் வேலையைக் கால் மணி நேரத்தில் மெஷினே முடித்ததாகச் சொன்னது. அதுவும் சரி. பிடுங்குவது மட்டும் வேண்டாம்டா, இப்போதைக்கு. உள்ளே என்ன உடையும் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது.

உன் மச்சானுக்குக் கோவையில் "ரோபோ ஆபரேஷன்" நடந்தது என்கிறாயே, அது வேறு. டாவின்சி மாதிரி மெஷினில் டாக்டர்தான் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஓட்டுகிறார், அதன் கை அவர் கையைப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான். 2001லேயே நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு இப்படி மெஷினை ஓட்டி, பிரான்ஸில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்று ஆபரேஷனை மெஷின் தானாகச் செய்வது இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான்: 2025ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்களின் ரோபோ, சர்ஜன்கள் செய்த வீடியோவைப் பார்த்துப் பழகி, பன்றிப் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனில் குழாய்களுக்குக் கிளிப் போட்டு வெட்டும் பகுதியை எட்டு முறை தானே செய்தது. உயிருள்ள பன்றி இல்லை, தனியாக எடுத்து வைத்த உறுப்பு.

நியூயார்க் கதையைப் படித்ததும் எனக்கு ஆசை வந்தது உண்மை. டாக்டர் சென்னையில், மெஷின் கோத்தகிரியில் என்றால் ஒரு பல்லுக்காக இத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டாமே! ஆனால் ஐப்பசி மழையில் லைன் மேல் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடப்போமே, அப்போது வாயைத் திறந்தபடி நான் என்ன செய்வேன்?

வியாழக்கிழமை தையல் பிரிக்க மறுபடி இறங்குகிறேன். பவானியிலிருந்து நீயும் வா, மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் பார்ப்போம். வர்க்கி கொண்டுவருகிறேன், நீ கடித்துத் தின்னு, நான் டீயில் முக்கிக்கொள்கிறேன்.

உன்,
ராஜு