ஓட்டல் கழிவறை நாற்றம்: கூட்டுகிற அக்கா மேல் குற்றமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஓட்டல் கழிவறை நாறினால் சாப்பிட வந்தவர் கல்லாவில் சொல்கிறார். கல்லாவில் இருப்பவர் சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார். சூப்பர்வைசர் கூட்டுகிற அக்காவைத் திட்டுகிறார். அக்கா இன்னும் அரை பாட்டில் பினாயிலை ஊற்றுகிறார். அரை மணி நேரத்தில் பழைய நாற்றமே திரும்பி வருகிறது, இப்போது பினாயில் வாசனையையும் சேர்த்துக்கொண்டு. நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் ஊருக்குள் இருக்கும் மெஸ்களிலும் இதுதான் அன்றாடம். குழாய் வேலையும் தள வேலையும் செய்கிற எங்கள் கணிப்பில், இந்த நாற்றத்தில் பெரும்பகுதி டைல்ஸ் ஒட்டிய அன்றே கட்டடத்துக்குள் குடிவந்துவிட்டது. துடைப்பத்துக்கு அங்கே வேலை குறைவு.

முதலில் வாட்டம். கழிவறைத் தரை, தண்ணீர் போகும் ஜாலியை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிய வேண்டும். அதாவது, 2 மீட்டர் நீள அறையில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 20 முதல் 30 மி.மீ. வித்தியாசம். சாப்பாட்டு ஹாலில் போட்ட அதே 2 அடிக்கு 2 அடி டைல்ஸை 'மேட்சிங்' என்று சொல்லிக் கழிவறையிலும் போடுகிறார்கள். நாலு பக்கமிருந்தும் ஜாலிக்கு வாட்டம் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பெரிய டைல்ஸை மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். வெட்டினால் அழகு போகும் என்று வெட்டுவதில்லை, மட்டமாகவே ஒட்டிவிடுகிறார்கள். தண்ணீர் கதவோரம் தேங்குகிறது. செருப்புக்கால் மிதித்து அது சேறாகிறது. ஒரு அடி டைல்ஸாக இருந்தால் கொத்தனார் எளிதாக வாட்டம் பிடித்துவிடுவார். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் எங்காவது குட்டை நின்றால் அந்த இடத்தைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். பிறகு எத்தனை வைப்பர் வாங்கினாலும் தீராது. கழிவறைத் தரை வெளித் தரையைவிட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும்.

டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கைச் சிமென்ட் பாலால் அடைப்பது இன்னொரு தவறு. சிமென்ட், சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். மேலே பளிச்சென்று இருக்கும் தரை நாறுவதற்குக் காரணம் இந்த இடுக்கு. யூரினலுக்குக் கீழேயும் கழிவறை பேசினைச் சுற்றியும் மட்டுமாவது எபாக்ஸி க்ரௌட் (தண்ணீரை உறிஞ்சாத இடுக்குப் பூச்சு) போடச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் முழு அறைக்கும் தேவையில்லை; சிறுநீர் தெறிக்கும் இரண்டடி அகலத்துக்குப் போட்டால் போதும்.

அடுத்தது, யார் கண்ணிலும் படாத தண்ணீர்ப் பூட்டு. ஜாலிக்கு அடியில் இருக்கும் நானி ட்ராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்தான். மலிவான ட்ராப்பில் அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான் நிற்கும். ஏசி போட்ட இடத்தில் அது சில நாளிலேயே காய்ந்துவிடும். கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி இருக்கும் வகையில் வேறு சிக்கல். முடியும் குப்பையும் அடைத்துக்கொள்வதால், தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அந்தக் கிண்ணத்தையே எடுத்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடமே சாக்கடைக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நேர்வழி திறந்துவிட்டது. பல ஓட்டல்களில் அந்தக் கிண்ணத்தைத் தேடினால் ஜன்னல் மேட்டில் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டு, கதவைச் சாத்தி, கொளுத்திய ஊதுபத்தியை ஜாலிக்கு மேலே ஒரு அங்குலத்தில் பிடியுங்கள். புகை ஜாலியைவிட்டு விலகி மேலே தள்ளப்பட்டால் அடியிலிருந்து காற்று வருகிறது, தண்ணீர்ப் பூட்டு இல்லை என்று அர்த்தம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நாற்றம் நின்று, ஒரு வாரத்தில் திரும்பினால் ட்ராப் காய்கிறது. தினமும் ஒரு குவளை ஊற்றினாலே சமாளிக்கலாம். உடனே திரும்பினால் ட்ராப்பையே மாற்ற வேண்டும்.

ஃபிளஷ் இழுக்கும்போது பக்கத்து ஜாலி 'களக் களக்' என்று சத்தம் போடுகிறதா? அது வென்ட் பைப், அதாவது காற்றுப் போக்குக் குழாய், இல்லாத கட்டடத்தின் முனகல். மலக்குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று வேண்டும். மேலிருந்து கிடைக்காவிட்டால், ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி அதன் வழியே காற்றை எடுத்துக்கொள்ளும். அந்த வென்ட் பைப்பை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றித் திறந்துவிட்டு, கொசு வலை கட்டினால் போதும். கொசு வருகிறது என்று அதன் வாயைச் சிமென்ட் வைத்துப் பூசிய மாடிகளும் உண்டு.

விசிறிக்கு வருவோம். கழிவறை 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 18 கன மீட்டர். மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாற, 216 கன மீட்டர் தள்ளும் விசிறி வேண்டும்; எவ்வளவு தள்ளும் என்பது அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும். அதைவிட முக்கியம், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி இருப்பது. கதவுக்கு அடியில் இரண்டு செ.மீ. இடைவெளியோ, கீழ்ப் பகுதியில் சாய்பலகைத் திறப்போ இல்லாவிட்டால் விசிறி ஜாலி வழியாகத்தான் காற்றை இழுக்கும். பெரிய விசிறி மாட்டிய பிறகு நாற்றம் கூடிவிட்டது என்று வரும் புகார்களுக்கு இதுவே காரணம்.

நம் ஊர் உணவகத்துக்கே உரிய இடம் ஒன்று உண்டு: சாப்பிட்டு எழுந்து கை கழுவும் இடம். கையில் ஒட்டிய சோறு, கறிவேப்பிலை, எண்ணெய் எல்லாம் இந்த பேசினுக்குள்தான் போகிறது. வீட்டு பேசினுக்கான கணக்கில் இதைக் கட்டினால் மதியம் இரண்டு மணிக்குள் நிறைந்து நிற்கும். வாயில் எவர்சில்வர் ஜாலி வேண்டும். அடியில் கையாலேயே கழற்றக்கூடிய பாட்டில் ட்ராப் வேண்டும். வாரம் ஒரு முறை கீழே வாளி வைத்து அதைக் கழற்றிக் கொட்டினால், ஊறிய சோறும் எண்ணெய்க் கசடும் ஒரு கைப்பிடி விழும். பெரும்பாலான இடங்களில் ட்ராப்பே கிடையாது. மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயைச் சுவர் ஓட்டைக்குள் சொருகிவிட்டு, சுற்றிலும் இடைவெளியை அப்படியே விட்டிருப்பார்கள். இரவு கடை சாத்தியதும் கரப்பான்பூச்சிகள் ஏறி வருவது அந்த வழியாகத்தான். ஒரு ரப்பர் வளையம் வாங்கி இறுக்கினால் பாதி வேலை முடிந்தது. குழந்தைகளுக்கு எட்டும்படி 55 செ.மீ. உயரத்தில் ஒரு பேசின் வையுங்கள். இல்லாவிட்டால் அப்பா தூக்கிப் பிடிக்க, பிள்ளை சுவரெல்லாம் தண்ணீர் அடிக்கும்.

சமையலறைக் கழிவும் மலக்குழாயும் ஒரே சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் கூடும் தொட்டி) சேரக் கூடாது. சமையலறைத் தண்ணீர் கொழுப்புத் தொட்டியில் நின்று, மேலே மிதக்கும் எண்ணெயை விட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும். தோசைக்கல் எண்ணெயும் குருமாக் கொழுப்பும் குழாய்க்குள் ஆறி உறைந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது கழிவறைதான் பொங்கும். உணவுத் தொழில் உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிவறைக் கதவு உணவு தயாரிக்கும் இடத்துக்குள் நேரடியாகத் திறக்கக் கூடாது.

இனி சுத்தம் செய்யும் முறை. போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதோடு சிறுநீரின் உப்பும் சேர்ந்து யூரினல் குழாய்க்குள் கல்லாகப் படிகிறது. பாச்சை உருண்டை அந்தக் கல்லை ஒன்றும் செய்யாது, மேலே ஒரு வாசனையைப் பூசும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, கடை சாத்தும்போது ஊற்றி, இரவு முழுக்க விட்டுக் காலையில் தேய்த்துக் கழுவுங்கள். கடை ஆசிட் இதைவிட வேகம்தான். ஆனால் சிமென்ட் இடுக்கையும் குழாய்களின் பளபளப்பையும் அரித்துவிடும்; அரித்த இடத்தில் அழுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

ஆசிட்டையோ எலுமிச்சை உப்பையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறிய அறையில் அது ஆளை வீழ்த்தும். சிறுநீர் தேங்கிய யூரினலில் நேராக பிளீச்சிங் பவுடர் தூவுவதும் ஆபத்து, அதில் வேறொரு நச்சுவாயு வரும். முதலில் தண்ணீர், பிறகு சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தல், மறுபடி தண்ணீர், கடைசியில் பிளீச்சிங் கரைசல். 10 லிட்டர் வாளிக்குப் புதிய பவுடர் 30 கிராம். பத்து நிமிடம் நிற்க வேண்டும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும், அதை எவ்வளவு போட்டும் பயனில்லை. கழிவறை மாப் அங்கேயே இருக்கட்டும். அதே மாப் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கை கழுவும் சோப்பு பாட்டிலில் மிச்சத்தோடு தண்ணீர் சேர்த்து நிரப்புவதையும் நிறுத்த வேண்டும். நீர்த்த சோப்பில் கிருமி வளரும். காலியான பிறகு கழுவிக் காயவைத்து நிரப்புங்கள்.

ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க, அதில் ஒரு கரண்டி காபி டிகாக்ஷனை ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். இழுக்காமலே கழிவறை பேசினில் நிறம் இறங்கினால் வாஷர் போய்விட்டது. பேசினில் மஞ்சள் கோடு விழுவதும் இந்தக் கசிவால்தான், அக்கா தேய்க்காததால் அல்ல.

நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் இறங்குகிறார்கள். அதில் இருபது பேர் பெண்கள். பெண்களுக்கு இரண்டு அறை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் கடைசிப் பெண்ணின் முறை முடிய இருபது நிமிடம். அதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிடுவார். ஆண்களுக்கு யூரினல் வரிசை இருப்பதால் அங்கே கூட்டம் கரைந்துவிடும். ஆகவே இரு பக்கமும் சமமாக இடம் ஒதுக்குவது சமம் ஆகாது. ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் கால் மணி நேரத்தில் 500 லிட்டர் இறங்க வேண்டும். முக்கால் அங்குலக் குழாய் ஒன்றில் அது வராது. பெண்கள் அறைக்குள் கைப்பை மாட்ட ஒரு கொக்கி, காலால் மிதித்துத் திறக்கும் மூடிபோட்ட தொட்டி, நாப்கின் சுற்ற பழைய செய்தித்தாள் ஆகியவை கட்டாயம் வேண்டும். தொட்டி இல்லாத அறையில் நாப்கின் மலக்குழாய்க்குள்தான் போகும். ஒரு அறையாவது சக்கர நாற்காலி திரும்பும்படி ஒன்றரை மீட்டர் வெற்றிடத்தோடும், 90 செ.மீ. அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவோடும், கைப்பிடிக் கம்பியோடும் இருக்கட்டும். அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைக்கக் கூடாது.

கடைசியாக செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுங்கள். அடைப்பு எடுக்க ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ஏறி வருவதில்லை. தூக்கப் போகிறவரும் அப்படியே விழுகிறார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. மூடியின் மேல் கார் நிறுத்தும் இடமோ ஐஸ்கிரீம் கடையோ வராதபடி வரைபடத்திலேயே குறித்துவிட்டால், லாரிக் குழாய் தடையில்லாமல் எட்டும்.

இப்படிக்கு,
உணவகக் கட்டடங்களில் குழாய் வேலையும் தள வேலையும் செய்வோர் சிலர்,
திருச்சி.