பல் பிடுங்கிய குழி ஆறும் வரை பிரஷர் மாத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடுத்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேரான பல் இம்பிளான்ட் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பும் பின்பும் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும், ரத்தம் கூடுதலாகக் கசியலாம் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். ஈரோடு மாவட்டத்தின் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த வரிக்கு அப்பாலும் சொல்ல வேண்டியது இருப்பதாகத் தோன்றுகிறது.

ரத்தம் கசிவது ஒரு நாள் சங்கதி. எலும்பு ஆறுவதோ மாதக்கணக்கில் நடப்பது. பல் இருந்த குழியில் உறையும் ரத்தக்கட்டியின் மேல்தான் பின்னால் வரப்போகும் எலும்பு எழுகிறது. ஒரு வாரத்துக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த மென்மையான திசு அங்கே வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் இளம் எலும்பு தோன்றி, ஆறு முதல் எட்டு வாரங்களில் குழியின் பெரும்பகுதி நிரம்புகிறது. அந்த எலும்பு முதிர்ந்து உறுதிப்பட மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. மேலே ஈறு மூடியதும் புண் ஆறிவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது.

இந்த வேலைக்கு வேண்டிய சத்தும் ஆக்சிஜனும் நுண்குழாய்கள் வழியாகவே வந்தாக வேண்டும். நெடுநாள் கட்டுப்படாத ரத்த அழுத்தம் அக்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்து உள்வழியைக் குறுக்குகிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியமும் சிறுநீரில் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறுகிறது. போதாக்குறைக்கு, அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளே, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களையும் தூண்டிவிடுகிறது. தானாகவே ரத்த அழுத்தம் உயரும் எலி இனம் ஒன்றை ஜப்பானின் கியோட்டோவில் ஒக்காமோட்டோ, ஆவோக்கி என்னும் இருவர் உருவாக்கி 1963-இல் அறிவித்தனர். அவ்வினத்து எலிகளின் பல்லைப் பிடுங்கி ஆராய்ந்த பிரேசில் நாட்டவர், குழியில் எலும்பு ஆறுவது சாதாரண எலிகளில் நடப்பதுபோல் செம்மையாக நடக்கவில்லை என்று கண்டனர். லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, உள்வைத்த இம்பிளான்டைச் சுற்றி எலும்பு பற்றுவது மேம்பட்டது. ஆனால் பல் குழியில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆகவே மாத்திரை போட்டால் எலும்பு வளரும் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். எலி வேறு, மனிதர் வேறு.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்டது. 728 பேருக்குப் பொருத்திய 1,499 இம்பிளான்டுகளில், ரத்த அழுத்த மருந்து உட்கொண்டவர்களிடம் 0.6 விழுக்காடும் உட்கொள்ளாதவர்களிடம் 4.1 விழுக்காடும் தோல்வியடைந்தன. மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும், பல் பிடுங்கும் நாளில் மாத்திரையை நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை என்பதற்கு இது வலுச்சேர்க்கிறது.

நம் பகுதியில் நடப்பதோ நேர்மாறானது. "பல்லுப் புடுங்கறதுக்கு வெறும் வயித்தோட போகோணும்னு மாத்திரையும் போடலீங்க" என்று சொல்லி நின்றவர்கள் எத்தனையோ பேர். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யும் பல் எடுப்புக்குப் பொதுவாகப் பட்டினி தேவையே இல்லை. பிறருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்த நானே, ஓய்வுபெற்ற பின் கடைவாய்ப் பல் வலியில் ஒரு நாள் காலை மாத்திரையை மறந்து போய், அழுத்தம் 180/110-ஐத் தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்டேன். அவசரமில்லாத சிகிச்சையை அந்த அளவுக்கு மேல் தள்ளிப்போடுவதே முறை; அன்று வந்த கோபம் இப்போது இல்லை.

பல்லை எடுத்த பிறகு நடப்பது இன்னும் மோசம். விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், வலி தெரியாமல் வேலை செய்ய மெடிக்கலில் டைக்ளோபினாக், இப்யூபுரோபென் வாங்கி நாள்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை ரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு, அதற்கான மருந்துகள் பலவற்றின் பலனையும் மட்டுப்படுத்துகின்றன. பீடி, புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூடு தணியட்டும் என்று வழியிலேயே இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுபவர்களும் உண்டு. இளநீரில் குற்றமில்லை, உறிஞ்சும் இழுப்பில் ரத்தக்கட்டி பெயர்ந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் காது வரை குத்தும் டிரை சாக்கெட் வலி தொடங்கிவிடும்.

பல் மருத்துவர்களிடம் என் கோரிக்கை சிறியது. பல்லை எடுக்கும் முன் அளந்த அழுத்தத்தைச் சீட்டில் எண்ணாகவே எழுதித் தர வேண்டும். தையல் பிரிக்க வரும்போதும், இம்பிளான்டுக்கு நாள் குறிக்கும்போதும் மீண்டும் அளக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் வழியே ரத்த அழுத்த மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் தன்னார்வலர்கள், அண்மையில் பல் எடுத்தீர்களா, மாத்திரையை இடையில் நிறுத்தினீர்களா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். தங்கள் நாளிதழும் பல் மருத்துவர் ஒருவரையும் பொதுநல மருத்துவர் ஒருவரையும் கொண்டு இது பற்றி எழுதச் செய்தால், சந்தை நாளில் பல் பிடுங்கிக்கொண்டு மறுநாளே தறிக்குப் போகும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.