சாவியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகும் தெரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்துச் சிறுகடைகளைப் பற்றி எங்கே படித்தாலும், எந்த மேடையில் கேட்டாலும் ஒரே தொனிதான். "பாவம், அவங்களும் பிழைக்கட்டும். மாசத்துல ஒரு நாளாவது அவங்ககிட்ட வாங்குங்க." சொல்கிறவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் 'பாவம்' எனக்கு உறுத்துகிறது. தெருமுனைக் கடைக்காரர் நம்மிடம் கையேந்தி நிற்கவில்லை. அவர்தான் காசு வாங்காமல் நமக்கு ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார். கணக்கில் வராத வேலை என்பதால் அது நம் கண்ணிலும் படுவதில்லை.

மாலை ஆறு மணிக்கு ஒரு சின்னக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மாடி வீட்டுக்கு வந்த பார்சல் கல்லாவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. ஆளைப் பார்த்ததும், பெயர்கூடக் கேட்காமல் எடுத்து நீட்டுகிறார். பள்ளி வேன் இறக்கிவிட்ட ஒரு சிறுமி, வீட்டில் இன்னும் யாரும் வராததால், ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வயதான ஒருவர் டார்ச்சுக்கு பேட்டரி கேட்கிறார். முந்தாநாளும் அவர் பேட்டரிதான் வாங்கினார். கடைக்காரருக்கு அது நினைவிருக்கிறது, ஆனால் கேட்பதில்லை. "முழங்கால் வலின்னீங்களே, இப்ப தேவலையா?" என்றபடி சில்லறையை எண்ணிக் கையில் வைக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் கல்லாவில் விழுந்தது பேட்டரிக் காசு மட்டும்.

நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் இதை 1961-லேயே எழுதிவைத்தார். வெளியே போகிறவர்கள், தேடிவரும் நண்பரிடம் கொடுக்கச் சொல்லி வீட்டுச் சாவியைத் தெருக்கடையில் விட்டுவிட்டுப் போவதை அவர் கவனித்தார். பக்கத்து வீட்டில் கொடுக்காமல் ஏன் கடையில்? கடைக்காரர் பொறுப்பாக வைத்திருப்பார். வருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்று துருவவும் மாட்டார். சொந்தமும் இல்லை, அந்நியமும் இல்லை, நடுவில் ஒரு பழக்கம். நகரத்தில் பலருக்கு இந்த அளவு நெருக்கம்தான் வேண்டியிருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவால் இதைத் தர முடியவில்லை என்பது என் அனுபவம்.

இந்தப் பழக்கம் உயிரையும் காக்கும். 1995 ஜூலையில் சிகாகோவை ஒரு வெப்ப அலை தாக்கியது. சில நாட்களுக்குள் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் அந்த நகரத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். இரண்டிலும் அடித்தது ஒரே வெயில். வறுமையில் வாழும் முதியவர்களின் விகிதத்திலும், தனித்திருக்கும் முதியவர்களின் விகிதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் ஏறக்குறைய 4 பேர்.

தெற்கில் கடைத்தெரு உயிரோடு இருந்தது. முதியவர்கள் படியிறங்கி, நடமாட்டமுள்ள தெருவில் நடந்து, குளிர்ச்சியான கடைக்குள் போய் நின்றார்கள். வடக்கில் ஆலைகள் போய், கடைகள் போய், காலி மனைகளும் பயமும்தான் மிஞ்சியிருந்தன. அங்கே முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். கடைகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மக்கள் நெருக்கம், குற்றம் பற்றிய அச்சம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு முதியவர் வீட்டைவிட்டு இறங்க ஏதோ ஒரு காரியம் வேண்டும். அந்தக் காரியம் அவர் கால் தாங்கும் தூரத்தில் இருக்கவேண்டும். அந்த எண்களைப் படித்த நாளிலிருந்து, ஒரு ஷட்டர் நிரந்தரமாக இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பணக் கணக்கும் இருக்கிறது. அதே சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-ல் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க் கடையில் செலவாகும் 100 டாலரில் 68 டாலர் அந்த நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் தொடர்கடையில் என்றால் 43 டாலர் என்றது அது. ஆய்வைச் செய்யச் சொன்னது அந்தப் பகுதி வணிகர் தரப்பு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சரி, கடைகள் ஏன் மூடப்படுகின்றன? ஆட்கள் வராததால் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் நன்றாக ஓடும் கடைதான் காலியாகிறது. நாலைந்து கடைகளால் ஒரு தெருவுக்குக் களை வருகிறது. களை வந்ததும் வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் முதலில் வெளியேறுவது அந்தக் களையைக் கொண்டுவந்தவர்களே. குடியிருப்பவர் வீடு மாறினால் சாமான் கூடவே வந்துவிடும். கடைக்காரர் இடம் மாறினால் அலமாரி வரும், தராசு வரும். இருபது வருடப் பழக்கம் பழைய வாசலிலேயே நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் சில உரிமையாளர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

இதற்கு வழி தேடிய நகரங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் 1945 முதல் 1963 வரை கடை வாடகைக்கும் சட்ட வரம்பு இருந்தது. பாரிஸ் நகராட்சி வேறு வழியில் போனது. அதன் திட்டம் ஒன்று 2004-ல் தொடங்கியது. கடைகள் அழியும் தெருக்களில் தரைத்தள இடங்களை ஒரு பொது நிறுவனத்தின் மூலம் வாங்கி, பழுதுபார்த்து, சிறு வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் வாடகைக்கு விட்டது. எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. வெறும் வரம்பு போட்டால் கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆள் இருக்காது. வரம்பு இல்லாவிட்டாலும், நீண்ட கால எழுத்து ஒப்பந்தம், வாடகை எப்போது எவ்வளவு ஏறும் என்பது முன்கூட்டியே தெரிவது, காலி செய்யச் சொல்வதற்குப் போதிய அவகாசம் ஆகிய மூன்றையும் எந்த நகராட்சியும் வலியுறுத்தலாம். புதிதாகக் கட்டும் பெரிய கட்டடங்களில் தெருவைப் பார்த்து நீளமான மதில் எழுப்பாமல், குறுகிய முகப்புள்ள நாலு சின்னக் கடைகளுக்கு இடம் விடச் சொல்லலாம்.

சாலை தோண்டுவதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. குழாய் பதிக்க, கேபிள் போட, பிறகு முன்பு மூடியதைத் திரும்பப் பிளக்க என்று ஒரு தெருவை மாதக்கணக்கில் கிழித்துப் போடுகிறார்கள். கடை வாசலுக்கும் சாலைக்கும் நடுவே பள்ளம். அதன் மேல் ஒற்றைப் பலகை. இளைஞர்கள் தாண்டிவிடுவார்கள், ஊன்றுகோல் வைத்திருப்பவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். தூசி படிந்த சரக்கைத் துடைத்துக்கொண்டு, விற்காத நாளுக்கும் வாடகை கட்டிக்கொண்டு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெரிய கடை மூன்று மாத நஷ்டத்தை வேறு கிளையில் சரிக்கட்டிக்கொள்ளும். சின்னக் கடைக்கு வேறு கிளை கிடையாது. தோண்டும் தேதியையும் மூடும் தேதியையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள், கைப்பிடி வைத்த நடைபாதை போடுங்கள், தாமதத்துக்கு ஈடு கொடுங்கள். இதைக் கேட்பது அதிகப்படி இல்லை.

வாடகையும் பள்ளமும் இல்லாத இடத்திலும் கடைகள் மூடுகின்றன. ஜப்பானில், ஷட்டர் இறங்கிய கடைகள் நிறைந்த தெருவுக்கு 'ஷட்டர் தெரு' என்றே ஒரு சொல் வழங்குகிறது. கீழே கடை, மேலே வீடு என்று வாழ்ந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. தொழிலை எடுத்து நடத்தப் பிள்ளைகள் வரவில்லை. காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் வாழ்க்கையை எந்தப் பிள்ளை விரும்பும் என்பதும் நியாயமான கேள்வியே. உதவிக்கு ஆள் வைக்கவும் வாரத்தில் ஒரு நாள் மூடவும் கட்டுப்படியாகும் வருமானம் இருந்தால் அடுத்தவர் வருவார்.

வாடிக்கையாளர்களான நம்மிடமும் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. கடையில் நின்று அரை மணி நேரம் விளக்கம் கேட்டு, எது நல்லது என்று தெரிந்துகொண்டு, வாசல் தாண்டுவதற்குள் செல்போனில் வேறு இடத்தில் ஆர்டர் போடுகிறோம். அவருடைய அனுபவத்துக்கு விலை இல்லையா? மாதக் கடனாக வாங்கியதை முதல் தேதியில் கொடுப்பதும் பெரிய உதவிதான்.

கடைக்காரர்களிடம் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. நடைபாதையில் சரக்கை அடுக்கி, தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தாயைச் சாலையில் இறங்க வைப்பது தவறு. உதவியாளை நாள் முழுக்க நிற்க வைப்பதும், பில் கேட்டால் முகம் கோணுவதும் தவறு. இவற்றைத் தெருவில் இருக்கிறவர்கள் நேரில் சொல்லலாம். தெரிந்த முகம் என்பதால் காதில் வாங்குவார்கள்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். பழைய கடை ஒன்று மூடும்போது கண்ணீர் மல்கும் கட்டுரை வருகிறது. அதோடு நிறுத்தாமல், மூடியதற்கு என்ன காரணம் என்று கேட்டு எழுதுங்கள். வாடகை எவ்வளவு ஏறியது, ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு இருந்தது, வாசலில் பள்ளம் எத்தனை நாள் திறந்து கிடந்தது, வாரிசு இருந்தாரா என்று ஒவ்வொரு கடைக்கும் கேளுங்கள். ஒரு வருடம் தொடர்ந்து எழுதினால் நகராட்சிக் கூட்டத்தில் கையில் எடுத்துக்கொண்டு போக எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்