மூன்று ஃபார்வர்டுகளையும் ஒரேயடியாக மாற்றுவதுதான் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர் ஹாக்கி கோச் ஒருவர் மேட்சுக்கு மேட்ச் ஃபார்வர்டு வரிசையை மாற்றுவதைச் சாடி, சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாற்றிப் பார்க்காமல் யாருக்கு யார் ஒத்துவருவார் என்று எப்படித் தெரியும்? மாற்றும் விதத்தில்தான் கோளாறு.

ரைட் விங்கில் ஓடுபவனை லெஃப்டுக்கு அனுப்புகிறார்கள். ஹாக்கி மட்டைக்கு இடப்புறம் மட்டுமே தட்டை. முதுகுப்புறம் பந்தில் பட்டால் ஃபவுல். இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது. அதனால் வலது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் கிராஸ் அடிப்பது ஓட்டத்தோடு வந்துவிடும். இடது ஓரத்தில் பந்தை உள்ளே இழுத்து உடம்பைத் திருப்ப வேண்டும், அல்லது ரிவர்ஸில், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்து, அடிக்க வேண்டும். ரிவர்ஸ் கைவராதவன் திரும்புவதற்குள் எதிரணி பேக் மட்டையைப் போட்டுவிடுவான். பார்ப்பவர்கள் பையன் ஃபார்மில் இல்லை என்பார்கள்.

இன்னொன்று பெனால்டி கார்னர், அதாவது எதிரணி செய்த ஃபவுலுக்காக கோல் பக்க எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி ஆடும் வாய்ப்பு. விசில் ஊதியதிலிருந்து அது முடியும்வரை, தடுக்கும் அணியின் கோல்கீப்பர் விவகாரம் தவிர, ஆள் மாற்ற முடியாது. பந்தைத் தள்ளிவிடுபவன் பல அணிகளில் ஃபார்வர்டுதான். அவன் பெஞ்சில் இருக்கும்போது கார்னர் கிடைத்தால், பழக்கமில்லாத கை தள்ளும். பந்து துள்ளும், அதை நிறுத்த வேண்டிய ஸ்டாப்பரின் மட்டையில் நிற்காது. மாற்றும் ஒவ்வொரு கூட்டணியிலும் தள்ளத் தெரிந்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும்.

என் கணக்கில், பயிற்சி மேட்சில் 15 நிமிட குவார்ட்டருக்கு ஒருவரை மட்டும் மாற்ற வேண்டும். சென்டர் ஃபார்வர்டும் ஒரு விங்கும் அப்படியே இருக்கட்டும். மூவரையும் மாற்றினால், பிரஸ் செய்ய, அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்க, யார் முதலில் பாய்வது, யார் பாஸ் வழியை அடைப்பது என்பதே குழம்பும். எதிரணி பேக் நடுவில் நிதானமாக நடந்து வருவான். கோலை எண்ணாமல், வட்டத்துக்குள் எத்தனை முறை நுழைந்தார்கள், எதிரணியின் 23 மீட்டர் கோட்டுக்கு அப்பால் எத்தனை பந்தைப் பறித்தார்கள் என்று எண்ணினால் போதும். ஒரு மேட்சில் விழும் கோல் அதிர்ஷ்டத்திலும் விழும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் ஊறிய புல்லில் புஷ் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும். அதை நம்பி ஓடியவன் பந்தைத் தாண்டிப் போய்விடுவான். அதே ஜோடி சமவெளியின் செயற்கைப் புல் டர்ஃபில் பிரமாதமாக ஆடலாம். அங்கே இரண்டு பயிற்சி மேட்சாவது ஆடவிடாமல் யாரையும் கழித்துக்கட்ட வேண்டாம்.

போட்டிக்கு முந்தைய கடைசிப் பத்து நாளில் மட்டும் வரிசையில் கைவைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஹாக்கி வாசகர்,
குன்னூர்