வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. மாணவர்களுக்கான வான்நோக்கு இரவுகள் நடந்தன. நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்துள்ளன.

ஆண்டின் முதன்மைப் பணி புறக்கோள் கடப்பு நோக்கல்; அதாவது, வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் அவ்விண்மீனுக்கு முன்னால் கடப்பதைப் பார்த்து அளப்பது. 'நம்மிடம் உள்ள தொலைநோக்கியால் வேற்றுக் கோளின் காற்றைப் பார்க்க முடியுமா?' என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். முடியாது. விண்மீனுக்கு முன்னால் கோள் கடக்கும்போது, அதன் விளிம்பிலுள்ள காற்றின் ஊடாக வரும் ஒளியில் ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை உறிஞ்சிவிடுகிறது. எச்டி 209458பி என்னும் புறக்கோளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சோடியத்தைக் கண்டது பற்றிய ஆய்வுக் கட்டுரை 2002இல் வெளியானது. பக்கத்து நிறங்களைவிட அந்நிறத்தில் கூடுதலாகக் குறைந்த ஒளி 0.023 விழுக்காடுதான்; அவ்வளவு நுண்ணிய மாற்றம் நம் கருவிக்குப் பிடிபடாது. 2022இல் வாஸ்ப்-39பி கோளில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டியது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. ஆனால் கடப்பு நிகழும் வேளை சரியாகத் தெரிந்தால்தான் அத்தகைய பெரும் கருவிகளுக்கு நேரம் ஒதுக்க முடியும். சுற்றுக்காலக் கணக்கில் நொடிப் பிழை இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று அது பெருகிக்கொண்டே போகும். அந்த வேளையை அளந்து தர நம்மால் முடியும். புறக்கோள்களின் காற்றை ஆராய்வதற்கான ஏரியல் விண்கலத்துக்காக நடைபெறும் எக்ஸோகிளாக் திட்டம் ஆர்வலர்களின் அளவீடுகளை ஏற்றுக்கொள்கிறது.

நாம் எடுத்துக்கொண்டது எச்டி 189733பி என்னும் புறக்கோள். விண்மீனை வேண்டுமென்றே குவியம் விலக்கி, திரையில் சிறு வளையமாக விரித்து, பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு அளந்தோம். வரைபடத்தில் விண்மீனின் ஒளி அளவைக் காட்டும் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து, சுமார் 2.4 விழுக்காடு கீழே போய் நின்றதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பார்த்தவர்கள் மிகச் சிலர் என்பதே என் வருத்தம். கடப்புக்கு முன்னும் பின்னும் இடைவிடாமல் படம் எடுக்க வேண்டும். வில்லையில் பனி படிகிறதா, விண்மீன் நகர்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். பின்னிரவு முறைக்கு ஒப்புக்கொண்டவர்கள் வராததால், நல்ல தெளிவான ஓர் இரவில் கோள் வெளியேறும் பகுதி பதிவாகாமலே போயிற்று. பாதி வரைபடத்தை வைத்துக்கொண்டு கடப்பின் நடுநேரத்தை நம்பிக்கையாகச் சொல்ல இயலாது. வராதவர்களில் சிலர் ஆண்டுச் சந்தாவையும் இன்னும் செலுத்தவில்லை. தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டார் பழுதுபார்க்கப்படாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவர், பொருளாளர், இடம் அளித்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் இப்பணியைத் தொடர எனக்கு விருப்பம். துணைக்கு ஆள் இல்லையென்றால் நிறுத்திவிடுவதா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். பின்னிரவு முறைப் பட்டியல் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்