தானமாக வந்த துணிக்கு விலை வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள எங்கள் பீடோங் வட்டாரத்தில், தானமாக வரும் பழைய பொருள்களை விற்று இயங்கும் நற்பணிக் கடையைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாம் இலவசமாகக் கொடுத்த சேலைக்கு 5 ரிங்கிட் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டு மனம் நொந்ததாகவும், தானமாகப் பெற்றதை ஏழைகளுக்கு இலவசமாகவே கொடுப்பதுதான் முறை என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். அவருடைய ஆதங்கம் நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அக்கடையில் துணி பிரிக்கும் வேலைக்குச் சென்று வருபவள் என்ற முறையில் அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

தானப் பொருளுக்கு விலை வைப்பது நேற்று முளைத்த வழக்கமன்று. 1902இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், வசதியுள்ளோர் வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சாக்குகளில் திரட்டி, அவற்றைத் தைத்துச் செப்பனிடும் வேலையை வருமானமில்லாத ஏழைகளுக்கே கொடுத்து, விற்று வந்த பணத்திலிருந்து அவர்களுக்குக் கூலி வழங்கினார். குட்வில் என்ற பெயரில் இன்று அறியப்படும் அமைப்பு அப்படித் தொடங்கியதுதான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பின் கடைகளும், நம் நாட்டில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) நடத்தும் கடைகளும் தானமாக வந்ததை விற்றே தங்கள் பணிகளுக்குப் பணம் சேர்க்கின்றன. எங்கள் ஊர்க் கடை சிறியது. ஆனாலும் வாடகையும் மின்கட்டணமும் அதற்கும் உண்டு. சலவை செய்து இஸ்திரி போடும் இரண்டு அம்மாமார்களின் சம்பளமும் அந்த 5 ரிங்கிட்டிலிருந்துதான் வரவேண்டும்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் ஓர் அம்மாள், இளம்பச்சைச் சேலை ஒன்றை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கரையில் இழை பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு அஞ்சா? நாலு வெள்ளிக்குத் தாங்க” என்று பேரம் பேசி வாங்கிச் சென்றார். அவரிடம் யாரும் அடையாளக் கார்டைக் கேட்கவில்லை; வீட்டு வருமானத்தை விசாரிக்கவுமில்லை. இலவச விநியோகம் என்றால் அவர் மண்டபத்தில் வரிசையில் நின்று, பெயரைப் பதிந்து, தமக்குப் பிடித்ததோ பிடிக்காததோ கொடுத்த பையை வாங்கிக்கொண்டு, பிரமுகரின் அருகில் நின்று படத்துக்குச் சிரிக்கவும் வேண்டும். (அத்தகைய படங்களை அரைப் பக்கத்துக்கு வெளியிடும் பழக்கம் தங்கள் நாளிதழுக்கும் உண்டு என்பதை ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.) ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழைய சட்டைகளைப் பண்டல் கடைகளில் நம் பிள்ளைகள் விலை கொடுத்துப் பெருமையாக வாங்குகிறார்கள். அங்கே யாருக்கும் உறுத்தாத விலை இங்கே மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

என்னை உண்மையில் வருத்துவது, கடைக்கு வந்து சேரும் பைகளின் நிலை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வீட்டைக் கழுவித் துடைப்பவர்கள், ஒதுக்கிய அனைத்தையும் கறுப்புப் பையில் திணித்து, இரவோடிரவாகக் கடைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார்கள். மழைக்காலமாதலால் காலையில் பை நனைந்து கிடக்கும். ஈரம் காயாமல் கட்டிய ஒரு சட்டையில் பூத்த பூஞ்சை, அதே பையிலிருந்த நல்ல பட்டுப் பாவாடையையும் சேர்த்துப் பாழாக்கிவிடுகிறது. சட்டி இல்லாத சோற்றுக் குக்கர், மூடி இல்லாத டப்பர்வேர், ஒற்றைச் செருப்பு, ஒயர் அறுந்த இஸ்திரிப் பெட்டி, உள்ளாடை என எல்லாம் வருகின்றன. பள்ளிகளில் 2021 முதல் கறுப்புக் காலணிதான் என்றாகிவிட்ட பின்னும், வெள்ளைக் காலணிகளை யாரோ இன்னும் அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கொசுவத்தில் குத்திய ஊக்குகூட எடுக்கப்படாமல் வந்த சேலை ஒன்று என் விரலைப் பதம் பார்த்தது.

விற்பனைக்கு ஆகாதவற்றில் பருத்திச் சட்டைகளை வெட்டிக் கொடுத்தால், கார் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க எடுத்துக்கொள்கிறார்கள். பாலியஸ்டர் துணியை அவர்களும் தொடுவதில்லை. மிஞ்சியதைக் குப்பைமேட்டுக்கு ஏற்றிச் செல்லும் லோரி வாடகையைக் கடைதான் கட்டுகிறது. அதாவது, ஒருவர் மனமுவந்து கொடுத்த நல்ல சேலை விற்ற பணம், இன்னொருவரின் கிழிந்த காற்சட்டையைக் கொட்டுவதற்குச் செலவாகிறது. கானா நாட்டின் கந்தமாந்தோ சந்தையிலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் பணக்கார நாடுகளின் பழைய துணி வந்து குவிவதைத் தொலைக்காட்சியில் கண்டு உச்சுக்கொட்டும் நாம், சிறிய அளவில் அதையேதான் செய்கிறோம்.

ஒன்றில் அவ்வாசகர் கூறியது முற்றிலும் சரி. வரவு செலவுக் கணக்கைக் கடை வெளிப்படையாக வைக்க வேண்டும். மாதம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று வாசலில் ஒரு தாள் ஒட்டினால் போதும். இத்தகைய சந்தேகங்களில் பாதி எழாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்துபவர் பள்ளி திறக்கும் நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்குச் சீருடை எடுக்கத் திணறுவார் என்பதும் உண்மைதான். அத்தகையோருக்குத் தமிழ்ப்பள்ளி வழியாக, கடையில் பணத்துக்குப் பதிலாகச் செல்லும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, மற்றவர்களைப் போலவே கடைக்கு வந்து தேர்ந்தெடுக்கச் செய்யலாம் என்று நிர்வாகத்தினரிடம் கூறியிருக்கிறேன். செமிலிங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களும் குவாலி (வாணலி), வாளி, மேசை விசிறி எனக் கடையில் வாங்குகிறார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அவற்றைத் துடைத்து, விசிறியை ஓடவிட்டுக் காட்டி, கடையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

தீபாவளி நெருங்குவதால் தோட்டத்து ஆலய நிர்வாகங்களுக்கும் தாமான் (வீடமைப்புப் பகுதி) வாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துணியைத் துவைத்து, வெயிலில் நன்கு காயவைத்து, மடித்துக் கொண்டு வாருங்கள். காலணிகளை ஜோடியாகக் கட்டுங்கள். மின்சாதனம் ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் கையில் கொடுங்கள். கடிதம் எழுதிய அன்பரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தால் மகிழ்வேன். பிரிக்க ஆள் போதவில்லை. கையுறை கடையிலேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பீடோங், கெடா.